மல்லியப்பூச் சோறு

இல்ல செல்லாயி, உள்ள வரல. நான் கேட்டதுக்கு பதில் சொல்லு, போயிருவேன். என்ன கேட்டேனா? சரியாப் போச்சு. உம் மருமக ராக்காயி மாசமா இருந்தப்ப நீ அவளுக்கு என்ன ஆக்கிப் போட்ட? அதைத்தான் கேட்டேன். மறைக்காம சொல்லு.

விசேசமா ஒண்ணும் போடலயா? யாருகிட்ட லா சொல்ற. ஒண்ணும் போடாமயா அவ, ரப்பர் பால் வாளியத் தூக்கிக்கிட்டு நிறுக்க ஸ்டோருக்குப் போனவ, பாதி வழியில இடுப்பு வலி கண்டு, ஓடக்கரை மரத்தைப் புடிச்சிக்கிட்டுக் குந்துனா? மருத்துவச்சி ஓடி வந்து வாயில இருந்த வெத்தலைய துப்பறதுக்குள்ள புள்ள அவ கையில வந்து விழுந்துச்சாமே. கொட்டாவி விட்ட மாதிரி பெத்துட்டான்னு தோட்டம் பூரா பேசுது. காலையில பேரு கூப்பிடற பெரட்டுல ஆளுங்க நின்னா அந்தப் பேச்சு. பைப்படியில தண்ணி புடிச்சா அந்தப் பேச்சு. போதாததுக்கு ஆபீஸுல கணக்கெழுதற கிராணி வூட்டம்மா என்னையக் கூப்பிட்டு, என்ன கங்காணியம்மா, உங்க லயத்துல ஒருத்தி வாளிய எறக்கி வெச்சு புள்ள பெத்தாளாமேன்னு கேக்குறாங்க. சிரிச்சுக்கிட்டே நின்னேன். வேற என்ன செய்ய. எனக்கு வயிறு கொதிக்குது.

ஆமா, எம் மக வீரம்மாளும் பெத்துட்டா. முந்தாநேத்து. ஆம்பளப் புள்ள. உன் காதுக்கு வராமயா இருக்கும். அவ போட்ட சத்தம் இங்க வரைக்கும் கேட்டுச்சா? கேட்டிருக்கும். எங்க வூட்டுக்கும் லயத்துக்கும் நடுவுல மலையா இருக்கு? நாள் பூராவும் கத்தி, மறுநாளும் கத்தி, அப்புறம் கத்தறதுக்கும் தெம்பு இல்லாம... சரி விடு.

புள்ளைக்கு என்ன? இருக்கான், இருக்கான். நீ பேச்ச மாத்தாத.

எனக்கு ஒண்ணு புரியல செல்லாயி. ரெண்டு பேருக்கும் ஒரே சமயத்துலதான் நின்னுச்சு. கொஞ்சம் முன்ன பின்ன இருக்கும். எம் மக கங்காணி மக. தலப் புள்ளைக்குன்னு தாப்பா ஊருலேருந்து மாப்பிள்ளை கொண்டாந்து விட்டுட்டுப் போனாரு. தரையில கால் வைக்க விட்டேனா நானு? குனிஞ்சு ஒரு துரும்பு எடுக்க விட்டேனா? உம் மருமக பால் வெட்டற கட்டைக் கத்தியோட மேடு ஏறி எறங்குறா. எம் மக பாயில படுத்துக் கெடக்கா. நியாயமாப் பாத்தா யாரு சுளுவா பெக்கணும்? நீயே சொல்லு.

மேட்டுக்காடா? ஏன், அவள மேட்டுக்காட்டுக்கு மாத்துனது நான் சொல்லித்தான்னு லயத்துல பேசிக்கிறாங்களே, அதானே கேக்க வார? நான் ஏன் சொல்லப் போறேன். வேலை பிரிக்கறது எங்க வூட்டுக்காரருதான், கங்காணி அவரு. எந்த நெரையில யாருன்னு அவரு பாத்துப்பாரு. நான் வூட்டுப் பொம்பள. எனக்கும் மரத்துக்கும் என்ன? அதுவும் நல்லதுக்குத்தான் ஆச்சு, இப்பப் பாரு. ஏறி எறங்கி ஏறி எறங்கித்தான் அவ இடுப்பு எளகிப் போச்சு. அப்படிப் பாத்தா நீங்க ரெண்டு பேரும் எங்களுக்குக் கையெடுத்துக் கும்புடணும். மொறைக்காத. சொன்னேன், அவ்வளவுதான்.

அவ திங்கற தீனிய நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். பாக்காம என்ன. ஓடையோரத்துக் கங்கோங் கீரைய மடியில அறுத்துக்கிட்டு வருவா. முருங்கைய மொட்டையடிப்பா. நெத்திலிக் கருவாட்ட அடுப்புல போட்டு சுட்டு, சுடச்சுட கடிச்சிக்கிட்டே பால் புடிக்கற மங்கு கழுவுவா. பச்சப் பயறு ஊறவெச்சு வெல்லம் கூட இல்லாம அள்ளிப் போட்டுக்குவா. சீனன் தோட்டத்துல கெழங்கு தோண்டுனா அதுவும் அவ பானையிலதான் வேகும். நத்தை பொறுக்குனத கூட பாத்தேன் நான். மாசக்காரி நத்தை திங்கலாமா? திங்கலாங்கறியா? சரி, நீ சொன்னா சரி. காலையில பெரட்டுக்குப் போறதுக்கு முன்ன அந்த நீச்சத் தண்ணிய, பழைய சோத்தோட, வெங்காயத்தக் கடிச்சிக்கிட்டு அவ குடிக்கற சத்தம் இருக்கே. மாடு தொட்டியில குடிக்கற மாதிரி. அதை ஒரு நாள் நின்னு பாத்தேன். எனக்கே எச்சி ஊறுச்சு. அதுவும் ஒரு எரிச்சல்.

அந்த அரிசி வேற. தோட்டத்துல அளக்கற ரங்கூன் புழுங்கல். கொதிக்கறப்பவே ஒரு வாடை வரும். அதுல கல்லு, உமி, நெறம் ஒரு மாதிரி பழுப்பு. எங்க வூட்டுலயும் அதான் வேகுது, இல்லன்னு சொல்லல. நானும் உங்க கங்காணியும் அதைத்தான் திங்கறோம். ஆனா எம் மகளுக்கு அதைப் போடுவேனா?

நீ கிராணி வூட்டுச் சோத்தப் பாத்திருக்கியா? உனக்கெங்க தெரியும், நீ அங்க போறதில்ல. சயாம் பச்சரிசி. தீட்டித் தீட்டி கண்ணாடி மாதிரி இருக்கும். வடிச்சு எலையில போட்டா மல்லியப்பூ கொட்டுன மாதிரி. ஒரு நாள் அந்தம்மா எம் முன்னாலயே சாப்புட்டாங்க. சாப்புட்டுக்கிட்டே சொல்றாங்க, எங்களுக்கு அந்தப் புழுங்கல் ஒத்துக்காது கங்காணியம்மா, வயித்தப் பொரட்டும், கூலிக்காரங்க எப்படித்தான் திங்கறாங்களோன்னு. நான் அந்தக் கூலிக்கார அரிசியத் தின்னுட்டுத்தான் அவுங்க முன்னால நிக்கிறேன். எப்படி இருந்திருக்கும் எனக்கு?

அன்னிக்கே உங்க கங்காணியப் புடிச்சேன். நம்ம மகளுக்கு வெள்ளரிசி வேணும், ஈப்போவுக்குப் போயி வாங்கியாங்கன்னேன். அவரு மூணாம் நாளு பெரிய சீனன் கடையிலேருந்து மூட்டையா கொண்டாந்து எறக்குனாரு. வீரம்மாளுக்கு மட்டும் தனிப் பானை, தனி அடுப்பு. நெய்யி, ரசம், மோரு. அவ்வளவுதான். கீரை குளுமை, வேணாம். கருவாடு சூடு, வேணாம். பருப்பு வாயு, வேணாம். கெழங்கு கிட்டவே சேக்கல. கடைசி மாசங்கள்ல ராத்திரி சோத்தையும் நிறுத்திட்டேன். வயிறு நெறைய தின்னா புள்ள பெருத்துரும், பெருத்தா வெளிய வரமாட்டான். இது நீயும் நானும் கேட்டு வளந்ததுதானே. நீ மட்டும் எப்படி உம் மருமகளுக்கு அள்ளி அள்ளிப் போட்ட? பயமா இல்லயா உனக்கு?

அவளே எடுத்துத் தின்னாளா. ம்.

வளைகாப்பு நெனவிருக்கா? லயம் பூரா கூப்பிட்டு எலை போட்டேன். அத்தனை பேருக்கும் வெள்ளரிசிச் சோறு. இந்தத் தோட்டத்துல எந்தக் கங்காணி போட்டான்? அத்தனை பேரும் பூ மாதிரி இருக்கு, பூ மாதிரி இருக்குன்னு தின்னாங்க. உம் மருமக ஒருத்தி, வயித்தத் தள்ளிக்கிட்டு வந்து குந்துனா, ரெண்டு வாய் வெச்சா, எலைய மடிச்சிட்டு எந்திரிச்சுட்டா. என்னடின்னு கேட்டதுக்கு, பஞ்சு திங்கற மாதிரி இருக்கு, வாயில ஒட்டலங்கறா. அத்தனை பேரு நடுவுல! எம் மக மூஞ்சி சுண்டிப் போச்சு. அன்னியிலேருந்து எனக்கு உம் மருமகளக் கண்டா ஆகாது. சொல்லிட்டேன். நீ என்ன வேணா நெனச்சுக்க.

அதுக்கப்புறந்தான் எல்லாம் ஆரம்பிச்சுது. மொதல்ல கால் வீங்குச்சு. மாசக்காரிக்குக் கால் வீங்கும், எனக்கும் வீங்கிச்சு, உனக்கும் வீங்கிருக்கும். நான் பெருசா எடுத்துக்கல. அப்புறம் மரத்துப் போச்சுங்கறா. எறும்பு ஊறுற மாதிரி இருக்கும்மாங்கறா. குந்துனா எந்திரிக்க முடியல, கையக் குடுத்துத் தூக்கணும். கெண்டக்காலத் தொட்டா கத்துறா. நாலு அடி நடந்தா மூச்சு வாங்குது. நான் என்ன நெனப்பேன்? கண்ணு பட்டிருச்சுன்னுதானே நெனப்பேன். யாரு கண்ணு? எலைய மடிச்சிட்டுப் போனவ கண்ணு. உப்பும் மொளகாயும் சுத்திச் சுத்தி அடுப்புல போட்டேன். அடுப்பு கமறுச்சே ஒழிய கால் வத்தல. பைப்படியில உம் மருமகளப் பாத்தா எம் மகள உள்ள கூட்டிட்டுப் போயிருவேன். நீ கவனிச்சிருப்ப. கவனிச்சியா? தெரியும்.

ஒவ்வொரு வாரமும் ரெண்டு வயித்தையும் நான் கண்ணாலயே அளந்துக்கிட்டு இருந்தேன் செல்லாயி. உம் மருமக வயிறு உருண்டையா, எறக்கமா, கறுப்பா மினுமினுன்னு. கன்னத்துல ரத்தம் தெரியுது. எம் மக வெளுத்துப் போயி, சோகையா, மூஞ்சி உப்பி. யாரு வூட்டுல நெய்யி, யாரு வூட்டுல நெத்திலி? கடவுளுக்குக் கண்ணு இருக்கான்னு கேட்டேன். கோயில்ல நின்னே கேட்டேன்.

பிரசவத்த எப்படிச் சொல்லுவேன். வலி வருது, வந்த வேகத்துல நின்னு போகுது. மருத்துவச்சி முக்கு முக்குங்கறா. எம் மகளுக்கு முக்கறதுக்குத் தெம்பு இல்ல. குந்த வெச்சா காலு தாங்கல, ரெண்டு பேரு ரெண்டு பக்கம் தாங்குனோம். அந்த மருத்துவச்சி சும்மா இருக்கக் கூடாதா? வேர்வையத் தொடச்சிக்கிட்டே சொல்றா, ராக்காயி எப்படிக் காலை ஊனிக் குந்துனா தெரியுமா கங்காணியம்மான்னு. எம் மக உசுரு போயி உசுரு வருது, அப்பவும் அங்க ராக்காயி பேருதான். அவள அப்படியே புடிச்சு வெளிய தள்ளிரலாம்னு இருந்துச்சு எனக்கு. ஆனா எம் மக, அந்த வலியில, கண்ணத் தொறந்து கேக்குறா: அம்மா, அவ என்னம்மா தின்னா?

அதைத்தான் இப்ப நானும் வந்து கேக்குறேன்.

தண்ணி குடிக்கறேன், குடு. தொண்ட காஞ்சு போச்சு.

பொழைச்சுக்கிட்டா. ஆமா, கடைசியில தோட்டத்துக்கு மருந்து குடுக்கற டிரெசர் வந்தாரு, ஊசி போட்டாரு, எப்படியோ வெளிய எடுத்தாங்க. வந்தவரு போக வேண்டியதுதானே. எம் மக கால்ல கட்ட விரல வெச்சு அழுத்துனாரு. குழி விழுந்துச்சு. விழுந்த குழி எந்திரிக்கவே இல்ல. அதையே பாத்துக்கிட்டு நின்னாரு. என்ன சாப்பாடு குடுத்தீங்கன்னாரு. எனக்குப் பெருமை. உள்ள போயி மூட்டைய இழுத்து வந்து காட்டுனேன். பாருங்க, கிராணி வூட்டுல திங்கறதையே எம் மகளும் தின்னான்னு. அவரு கையில அள்ளி ஒரு தடவ பாத்தாரு. இதத் தூக்கி எறிங்கன்னுட்டாரு. இதுல இருந்த சத்தத் தீட்டித் தீட்டி எடுத்துட்டாங்க, வெறும் சக்கை. கிராணி வூட்டுல இதோட கறி, முட்டை, பருப்பு, கீரை எல்லாம் திங்கறாங்க, அவுங்களுக்குத் தாங்கும். நீங்க இதையும் ரசத்தையும் மட்டும் போட்டிருக்கீங்க, அதான் காலு போச்சுன்னாரு. எனக்கு வந்த கோவத்துக்கு! சரி, எறியறதுக்கு மனசில்ல, கோழிக்காவது போடறேன்னேன். கோழிக்கும் போடாதீங்கன்னாரு.

அப்பத்தான் சுருக்குன்னுச்சு. கோழிக்கு ஏற்கனவே போட்டுக்கிட்டுத்தானே இருந்தேன். வீரம்மா வெச்ச மிச்சச் சோறு பூரா கொல்லையில கோழிக்குத்தான். அதுங்க கொஞ்ச நாளாவே தள்ளாடுச்சு. காலு மடிஞ்சு குந்திக்கும், கழுத்து பின்னால வளைஞ்சுக்கும். கள்ளுக் குடிச்ச மாதிரி இருக்கேன்னு உங்க கங்காணி சிரிச்சாரு. அதுக்கும் உம் மருமக கண்ணுதான்னு நான் சொன்னேன். சொன்னேன் லா, என்ன இப்ப. ஆனா நீயே சொல்லு, கோழி மேலயுமா ஒருத்தி பொறாமைப் படுவா? உம் மருமக அவ்வளவு வேலையத்தவளா? நேத்து பூரா அதையே நெனச்சிக்கிட்டுக் கெடந்தேன்.

நான் தப்புப் பண்ணிட்டேன்னு சொல்ல வரல. ஒரு தாயி, நல்லதுன்னு தெரிஞ்சதைச் செஞ்சா. மகளுக்கு நாத்தம் புடிச்ச சோறு வேணாம்னு நெனச்சது குத்தமா? இல்ல, நீ ஒண்ணும் சொல்ல வேணாம். இன்னிக்குக் காலையில அவளுக்குப் புழுங்கக் கஞ்சி வெச்சேன். முருங்கக்கீரை போட்டேன். பயறு போட்டேன். அள்ளி அள்ளிக் குடிச்சா. இவ்வளவு நாளும் இதைக் கண்ணுல காட்டலயேம்மாங்கற மாதிரி என்னயப் பாத்தா. கொஞ்சம் கொஞ்சமா வீக்கம் எறங்கும்ங்கறாரு டிரெசரு. எறங்கும். எம் மக எந்திரிச்சிருவா. அதப் பத்தி எனக்கு இப்ப பயமில்ல.

ஆமா. நீ மறுபடி மறுபடி கேக்குறது எனக்குக் கேக்குது. புள்ளைக்கு என்ன, புள்ளைக்கு என்னன்னு. சொல்றேன்.

அவகிட்ட பால் இல்ல. கொஞ்சம் சொட்டுறதையும் குடுக்காதீங்க, அந்த அரிசியில ஊறுன பால்தானே அதுவும், பச்சப் புள்ளைக்கு ஆகாதுன்னு டிரெசர் சொல்லிட்டாரு. டின் பாலக் கரைச்சு ஊத்துனோம். எல்லாத்தையும் கக்கிட்டான். வெல்லத் தண்ணியத் துணியில நனைச்சு வெச்சேன், அதைச் சப்புறதுக்கும் இப்ப வாயி எடுக்கல. மொதல் நாளு கத்துன கத்து இன்னிக்கு இல்ல. பூனக்குட்டி மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். ஈப்போ ஆஸ்பத்திரிக்கு வண்டி கட்டலாம்னா, அந்த வெயிலும் ரோட்டுக் குலுக்கலும் தாங்குவானான்னு டிரெசரே யோசிக்கிறாரு. பெத்து பச்ச உடம்பா இருக்கறவ யாராச்சும் லயத்துல இருந்தா, நல்லா திங்கறவளா, புழுங்கச்சோறு திங்கறவளா பாத்து, மொதல்ல அவகிட்ட கேளுங்க, புள்ள வயிறு நெறைஞ்சா அப்புறம் வண்டியப் பத்திப் பேசலாம்னாரு. நான் யாருகிட்டன்னு போவேன்? இந்தத் தோட்டத்துல இப்ப யாரு பெத்திருக்கா?

பால் நிறுக்கறதுக்கு எல்லாரும் ஸ்டோருக்குப் போயிருக்கற நேரமாப் பாத்துத்தான் வந்தேன். மறைக்கல. யாரு கண்ணுலயும் படக்கூடாதுன்னுதான் வந்தேன்.

அதோ அந்தப் பலா மரத்துக்குப் பின்னால கறுப்புக் குடை தெரியுதா? உங்க கங்காணிதான். கையில புள்ள. கூலிக்காரி வாசல்ல வந்து நிக்கறதுக்கு அவருக்கு வெக்கம், என்னையப் பேசிட்டுக் கூப்பிடுன்னாரு. நானும் பேசிக்கிட்டே இருக்கேன் பாரு, கழுத, வார்த்தை வந்தாத்தானே. நீ உள்ள போயி ராக்காயிகிட்டக் கேளு. மாட்டேன்னா மாட்டேன்னு சொல்லிரு. நான் அவருகிட்ட வேற ஏதாச்சும் சொல்லிக்கிறேன். மாட்டேன்னு சொல்றதுக்கு அவளுக்கு எல்லா நியாயமும் இருக்கு. அந்த மேட்டுக்காடு வேற...

ஏய், ஏய் ராக்காயி! நீ ஏன்டி எந்திரிச்சு வார? தூளிய யாரு ஆட்டுறா? இவ்வளவு நேரமும் கேட்டுக்கிட்டா இருந்த? நில்லுடி, உன் மாமியா இன்னும் ஒண்ணும் சொல்லல. இந்த வெயில்ல எங்க போற? தலையில துணியப் போடுடி, பச்ச உடம்பு! கல்லுல பாத்துப் போ!

பாரேன் செல்லாயி அவள. கங்காணின்னுகூட பாக்கல, கையிலேருந்து புடுங்கி மார்ல அணைச்சிட்டா. அந்த மனுசன் குடைய அவ தலைக்குப் புடிச்சிக்கிட்டு அந்தப் பக்கம் திரும்பி நிக்கிறாரு. என்னமா நடந்து போனா பாத்தியா, புள்ள பெத்தவ மாதிரியா இருக்கு? எனக்கு வயிறு எரியுது செல்லாயி, பொய் சொல்ல மாட்டேன், இப்பவும் எரியுது. எனக்குக் கண்ணு சரியாத் தெரியல. நீ பாத்துச் சொல்லு. குடிக்கிறானா?